ஒப்புக்குச் சப்பாணி

"ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்று அவரிடம் பேச்சுக்குச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "என்னைக்கு?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, நாள் சொல்லும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

என் வீட்டுக்காரர் அப்படித்தான் மாட்டினார். மேனாம்பேட்டில் அந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்த புதிது. லிஃப்டில் பார்த்த எதிர்வீட்டு அம்மாளிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ரசத்தை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். குழம்பில் உப்பு குறைச்சல், பொரியல் பிரமாதம் என்று இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். கை கழுவிவிட்டு, அடுத்த ஞாயிறு தன் வீட்டுக்கு வரச் சொன்னார். பார்க்கலாம் என்று இவர் இழுத்தார். அதற்கும் அதே கேள்விதான். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அந்தம்மாள் என்றால் ஒரு பயம்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் பி.டி. மேடம், எனக்கு மட்டும் அக்கா. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தனியாக இருந்தார். ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முழுப் பதிலும் கிடைத்ததால், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஒரு காரியத்தை ஒப்புக்குச் செய்ய அவருக்கு வராது. நமக்கெல்லாம் அது கைவந்த கலை. தலையாட்டுவோம், போட்டோவுக்கு நிற்போம், பார்த்துக்கலாம் என்போம். இந்த வேலை அவருக்குத் தெரியவே தெரியாது. இப்படி ஒரு ஆளைப் போய் ஒப்புக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர் கல்லூரியில் வருஷா வருஷம் மரம் நடு விழா நடக்கும். தாளாளர் பட்டு வேட்டியில் வந்து கன்றைக் குழிக்குள் வைப்பார், கை தட்டுவார்கள், கன்று செத்துப்போகும். அடுத்த வருஷம் அதே குழியில் அடுத்த கன்று. ஒரு வருஷம் அந்தக் குழியைத் தோண்ட ஆள் அனுப்ப அக்கா மறுத்துவிட்டார். போன தடவை நட்டது ஏன் செத்தது என்று விழா நடந்துகொண்டிருக்கும்போதே தாளாளரிடம் கேட்டார். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று யாரோ முனகினார்கள். "நட்டவருக்குத்தான சார் அந்தப் பொறுப்பு?" என்றார். வேறு இடத்தில் குழி வெட்டி வேப்பங்கன்றை நட வைத்தார். அதோடு விடவில்லை. திங்கட்கிழமை தோறும் கன்றைப் படம் எடுத்துத் தாளாளருக்கு அனுப்பினார், கூடவே தண்ணீர் ஊற்றினீர்களா என்று ஒரு கேள்வி. அந்த மனிதர் வெறுத்துப்போய் நிஜமாகவே சில தடவை வாளியைத் தூக்கினாராம். அந்த வேப்பமரம் பிழைத்து, பெரிதாகி, இப்போது நல்ல நிழல் தருகிறது. அந்த நிழலில் நிற்பது தாளாளரின் கார்.

எனக்கே ஒரு தடவை அவர் மேல் கடுங்கோபம் வந்திருக்கிறது. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். என் மகள்தான் எல்லோரிலும் சின்னவள். அவளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் இருப்பாள், கணக்கில் இருக்க மாட்டாள். பந்தை உருட்டி விடுவார்கள், அவுட் ஆனாலும் அவுட் கிடையாது. அவளுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். அக்கா ஒரு சாயங்காலம் நின்று பார்த்தார். பெரிய பிள்ளைகளைக் கூப்பிட்டு, இவளைச் சேர்ப்பதாக இருந்தால் ஒழுங்காகப் பந்து போடுங்கள், இல்லையென்றால் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். முதல் பந்திலேயே அவளை அவுட் ஆக்கினார்கள். அழுதுகொண்டே மாடிக்கு வந்தாள். நான் நேரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டிச் சத்தம் போட்டேன். சின்னப் பிள்ளையிடம் உங்கள் சட்டத்தைக் காட்டுவீர்களா என்றேன். அவர் அசையவில்லை. "அவ ஆடுறதா நெனைச்சிட்டிருக்கா. அவங்க ஆட விடலை. அதைச் சொன்னது தப்பா?" என்றார். மறுநாள் என் மகள் கீழே போனாள், மறுபடி அவுட் ஆனாள். ஒரு வாரம் போன பிறகு ஒரு பந்தை அடித்து யாருடைய கார் கண்ணாடியையோ உடைத்தாள். அன்று அவள் மாடிக்கு வந்த நடையே வேறு.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் எம்.டி. ஆவடிக்காரர். லேத் பட்டறைகளுக்கு ஃபிட்டர் பிடித்துக் கொடுத்துத் தொழிலை ஆரம்பித்து, படிப்படியாக மேனேஜர், ஜி.எம். பிடித்துக் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தார். ஒருநாள் பெரிய வேலை ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். ஒரு பெரிய மாநகராட்சி. எந்த ஊர் என்று எழுத மாட்டேன், ரயிலில் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம் எல்லாவற்றையும் ஒரே துறையாக்கி, அதற்கு வெளியிலிருந்து ஒரு இயக்குநரை எடுக்கப் போகிறார்களாம். தகுதியுள்ள ஒரு பெண்ணும் வேண்டும், தேடிப் பார் என்றார்.

தேடவே வேண்டாம், எதிர்வீட்டில் இருக்கிறார் என்று எனக்கு ஒரே குதூகலம். டாக்டர் பட்டம் வாங்கியவர். ஒரு பெரிய கல்லூரியின் மைதானங்களைப் பராமரித்த அனுபவம் இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் காலையில் வந்து ஆடலாம் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவர். அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"நெசமாத்தான் கூப்பிடுறாங்களா, சும்மாவா?"

"நெசமாத்தான்க்கா" என்றேன். எனக்கு அப்போது தெரிந்தது அதுதான்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் செய்ததையெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். விடுப்பு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனார். அங்கே பூங்கா பூங்காவாக அலைந்தார். காலையில் போனார், சாயங்காலம் போனார், உச்சி வெயிலிலும் போனார். உச்சி வெயிலில் போனபோது எல்லா கேட்டும் பூட்டியிருந்தது. பூங்காக்கள் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், நடுப்பகலில் மூடிவிடுவார்கள். இது அந்த ஊரில் மட்டும் உள்ள பழக்கமில்லை, நாமெல்லாம் பார்த்துப் பழகியதுதான். உள்ளே மரங்கள், பெஞ்சுகள், ஆள் இல்லாத நிழல். வெளியே நடைபாதையில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் தங்கள் பைக்கின் மேலேயே சுருண்டு படுத்திருந்தார்கள். வீடு வீடாகச் சோப்புத்தூள் விற்கிற பெண்கள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கேட் கம்பி வழியாக வருகிற துளி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஊர் திரும்பி இதைச் சொல்லும்போது குரல் தடித்திருந்தது. வாக்கிங் போகிறவனுக்கு வீடு இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, அவனுக்குக் கதவு திறக்கிறார்கள், வெயிலில் நிற்கிறவனுக்கு ஏன் பூட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்டார். ஏதோ நான் பூட்டியதைப்போல.

எங்கள் நகரிலேயே ஒரு சின்னப் பூங்கா உண்டு, குடியிருப்போர் சங்கம் பராமரிப்பது. அதுவும் மத்தியானத்தில் பூட்டித்தான் கிடக்கும். அக்கா வாட்ச்மேனிடம் போய்க் காரணம் கேட்டார், நானும் கூட இருந்தேன்.

"தொறந்து வெச்சா லவ்வர்ஸ் வந்து குந்திக்கினு கீறாங்கன்னு கம்ப்ளெய்ண்ட் வருது மேடம். நான் இன்னா பண்றது?"

"வேற எங்க போய்க் குந்துவாங்க?" என்றார் அக்கா.

வாட்ச்மேன் யோசித்தார். மேனாம்பேட்டுக்காரர்தான், அந்த மனை முழுக்க வயலாக இருந்தபோது அவர் அப்பா அதில் கூலிக்கு இறங்கியவர். "அத்த சொல்லு. எங்க நைனா ஏர் ஓட்ன எடம் இது. அவரு வந்தாலே மத்தியானத்துல வெளியதான் நிக்க வெக்கணும், ரூல்ஸ் அப்டி கீது" என்றார். அடுத்த சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றார். பரிசீலிக்கிறோம் என்றார் செயலாளர். என்றைக்கு என்று கேட்டார் அக்கா. நாள் வாங்கினார், அந்த நாளில் போய் நின்றார், மறுபடியும் போய் நின்றார். கடைசியில் அவர் தொல்லை தாங்காமல் பூட்டை எடுத்தார்கள். லவ்வர்ஸ் வந்தார்கள். சாப்பாட்டுப் பையன்களும் வந்தார்கள். ஒரு பெஞ்சில் வாட்ச்மேனின் அப்பாவும் வந்து படுத்துக்கொண்டார். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

இதற்கு நடுவில் நேர்காணலுக்கான அழைப்பை எங்கள் அலுவலகம் எல்லோருக்கும் அனுப்பியது. 'அசல் சான்றிதழ்களுடன் வரவும்' என்ற வரி நாங்கள் அனுப்பும் எல்லா அழைப்பிலும் இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காரணம் உண்டு. பல தனியார் கல்லூரிகளில் வேலைக்குச் சேரும் அன்றே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டாக்டர் பட்டம் வரை எல்லா அசலையும் நிர்வாகம் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும். ஆள் ஓடிப்போகாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு. நேர்காணலுக்கு வருபவர்கள் நகலைக் காட்டி, ஒரிஜினல் காலேஜ்ல இருக்கு சார் என்பார்கள். நாங்களும் சரி என்று விட்டுவிடுவோம். ஊர் உலகமே இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அசலோடு வா என்று எழுதியிருந்தால் அசலோடுதான் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. நேரே தாளாளரிடம் போய், வேறு வேலைக்கு நேர்காணல் இருக்கிறது, சான்றிதழ்களைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் சுமந்த மனிதருக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். அக்கா எழுதிக் கொடுத்துவிட்டார்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நேர்காணலுக்கு முந்தின நாள் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, நல்லதாக ஒரு சால்வை வாங்கி வைக்கச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். நாளைக்குத் தேர்வாகப் போகிறவருக்கு என்றார். அது யார் என்று நாளைக்குத்தானே தெரியும் என்றேன். அவர் ஒளிக்கக்கூட இல்லை. வருகிற மூன்று பேரில் ஒருவரின் பெயரைச் சொன்னார். மேலே ஒருவருக்கு மிகவும் வேண்டியவராம், எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதாம். ரூல்படி மூன்று பேராவது வர வேண்டும், அதில் ஒரு பெண் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அந்த ஊரில் சொன்னார்களாம்.

அப்படியென்றால் அந்தம்மாவை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற? அந்தம்மா வரட்டும், டீ குடிக்கட்டும், போவட்டும். அவங்களுக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

இன்ன நஷ்டம் என்பது அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. கட்டில் மேல் சான்றிதழ்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டிருந்தார். பழைய தாள்களைப் பல வருஷம் கழித்துப் பார்க்கிற சந்தோஷம் முகத்தில் இருந்தது. எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன், சொன்னார். பிறகு, நான் தெரிந்துகொண்டதை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை. ஒருவனையாவது அறைய வேண்டும் என்று இருந்தது.

அக்கா உறையை மூடினார். இது உனக்கு எப்போது தெரியும் என்று என்னைக் கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். தலையசைத்தார். நாளைக்குப் போக வேண்டாம், அவன்களுக்கு எதற்கு நீங்கள் வேடம் கட்ட வேண்டும் என்று நான் கத்தினேன்.

"அவங்க கூப்பிட்டது சும்மா. நான் போறது நெசம்" என்றார்.

மறுநாள் எங்கள் அலுவலகத்தில்தான் நேர்காணல். அந்த ஊரிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். குறிப்பெடுக்க என்னை ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். சால்வை ஆசாமி முதலில் உள்ளே வந்தார், ஒரே சிரிப்புச் சத்தம். அடுத்து ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி. அவருக்கு இது பழகிப்போன வேலை, இப்படிப் பல இடங்களுக்கு மூன்றாவது ஆளாகப் போய் வந்தவர். சமோசா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அக்கா வந்து உட்கார்ந்ததும் உறையை மேஜை மேல் வைத்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் நடுவில் இருந்த பெரிய அதிகாரி. என்னைப் பற்றி அதில் இருக்கிறது, உங்கள் பூங்காக்களைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். நடுப்பகலில் உங்கள் ஊரில் எத்தனை பூங்கா திறந்திருக்கிறது என்று அவர்களையே கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தான் பார்த்ததைச் சொன்னார். எந்தப் பூங்காவில் நிழல் அதிகம், எதன் வாசலில் கூட்டம் அதிகம், முதலில் எதைத் திறக்க வேண்டும், எத்தனை காவலாளி போதும், புகார் வந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். புல்லில் உட்காராதே, பந்து ஆடாதே என்று எழுதிய பலகைகளைக் கழற்ற முதல் வாரம் போதும் என்றார். ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த இளைய அதிகாரி மட்டும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். நான்கூட ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

"நன்றி மேடம். நாங்க சொல்லி அனுப்புறோம்" என்றார் பெரிய அதிகாரி.

"என்னைக்கு?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "வேலையைக் கொடுத்தாச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க சார், எந்திரிச்சுப் போயிடுறேன். இல்லைன்னா ஒரு நாள் சொல்லுங்க" என்றார். ஒரே ஒருவருக்காவது உண்மையைச் சொல்ல வாய் வந்திருக்கலாம். வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என்றார் பெரியவர்.

அந்த உறையை யாரும் பிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தத் தாள்களுக்காக ஒரு பெண் தன் வேலையையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், ஒருத்தன்கூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. சால்வையை எம்.டி. மேஜையில் போட்டுவிட்டு, அக்காவோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். நான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் என் மகள் காத்திருந்தாள். ஆன்ட்டியை அவுட் ஆக்கிவிட்டார்களா என்று கேட்டாள். பந்தே போடவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அடுத்த முறை கண்டிப்பாகக் கூப்பிடுவோம் என்று எம்.டி. குழைந்தார். அக்கா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எம்.டி.க்கு உள்ளே ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. நான் அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். ஆள் தேடும் தொழிலில் இருந்தவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. அக்காவுக்குத்தான் அந்த வயதில் எந்தக் கல்லூரியும் கிடைக்கவில்லை. காட்டுப்பாக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்து, பக்கத்திலேயே ஒற்றை அறை வீட்டுக்குப் போய்விட்டார். மைதானமே இல்லாத பள்ளி. மொட்டை மாடியில் ஆடுகிறார்களாம்.

போன மாதம் பேப்பரில் ஒரு படம் வந்தது. அந்த ஊரின் புதிய இயக்குநர், கழுத்தில் மாலையோடு, ஒரு பூங்காவின் கேட்டைத் திறந்து வைக்கிறார். வெயிலில் உழைப்பவர்களுக்காக இனிப் பகலிலும் பூங்கா திறந்திருக்குமாம், இது அவர் மனதில் உதித்த திட்டமாம். இளைய அதிகாரி எழுதிக்கொண்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போது புரிந்தது. பேப்பரைக் கிழிக்கப் போனேன். அதற்குள் அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. அவரும் பார்த்திருக்கிறார். உங்கள் யோசனையைத் திருடிவிட்டான் அக்கா, விடக்கூடாது என்று நான் ஆரம்பித்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"படம் எடுத்தது சரி. அந்த கேட் இன்னைக்குத் தெறந்திருக்கா?"

எனக்கு எப்படித் தெரியும்? விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"என்னைக்கு?" என்றார்.

அந்த வாரக் கடைசியில் ரயில் ஏறிப் போனேன். நடுப்பகலில் அந்தப் பூங்கா வாசலில் போய் நின்றேன். கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. அதற்கு மேலே இயக்குநரின் படம் போட்ட பெரிய பேனர். அந்த பேனர் நிழலில் இடுக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பையன்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். திறந்து வைத்த அன்றோடு சரி, மறுநாளே பூட்டிவிட்டார்கள் என்றார்கள். அங்கேயே நின்றுகொண்டு அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில், பள்ளி மொட்டை மாடியில் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"அப்ப அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கலைன்னு சொல்லு" என்றார்.